சிரிக்கச் சொன்ன ஜவுளிக்கடை

துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஜவுளிக்கடைக்காரன் சிரிக்க வேண்டியதில்லை. சனம் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். சிரிப்பது அவர்கள் வேலை. கட்டுப்பாடு போனது. சங்கரன்கோவிலில் புதுசாக இரண்டு மூன்று கடை முளைத்தது. சிரிக்கிற முறை எங்களுக்கு வந்தது.

நான் அப்படி ஒரு கடையில் சேலை எடுத்துப்போடுகிற ஆள். அஞ்சாம் வகுப்பு தாண்டவில்லை. மூஞ்சியும் எனக்கு ஒரு மாதிரி. கல்யாணத்தன்றைக்கே மாமனார் என் காதில், "வயித்துவலியா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

முதலாளியின் மகன் மதராசில் காலேஜ் முடித்து வந்தார். படித்தது மனோதத்துவம். மனுஷன் மனசில் என்ன ஓடுகிறது என்று அதில் எழுதியிருக்கிறதாம். எங்கள் மனசில் என்ன ஓடியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

வந்ததும் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்.

"நாம துணி விக்கலை. சந்தோஷத்தை விக்கோம்."

"அப்போ துணியை யாரு விக்கா, சின்ன முதலாளி?" என்று வேஷ்டிப் பக்கத்து ஆள் கேட்டான். அவனுக்கு நிஜமாகவே சந்தேகம்.

வருகிறவர் யாரானாலும் பல் தெரியச் சிரிக்க வேண்டும். போகும்போது "ரொம்ப சந்தோஷம், மறுபடியும் வாங்க" என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் மாற்றக்கூடாது. மாற்றினால் பழக்கம் படியாதாம்.

மற்றவர்களுக்குப் படிந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சின்ன முதலாளி தனியே கூப்பிட்டார்.

"ஆடித்தபசுத் திருநாள் வருது, கூட்டம் வரும். அதுக்குள்ள உமக்குச் சிரிப்பு வரலைன்னா வேற இடம் பாத்துக்கிடும்."

வீட்டில் சின்னதுகள் இருந்தன. வேறு இடத்துக்குப் போனாலும் இதே மூஞ்சியைத்தான் கொண்டுபோக வேண்டும். கிணற்றடியில் நின்று சிரித்துப் பழகினேன். பெண்டாட்டி பார்த்துவிட்டாள். புத்தி பேதலித்தவர்களை அம்மன் சன்னதியில் உட்கார்த்துவது எங்கள் ஊர் வழக்கம்.

"நீங்களும் ஒரு நாள் போய் உக்காந்துட்டு வாங்களேன்" என்றாள்.

தபசுக்கு முந்தின வாரம். சின்ன முதலாளி என்னைச் சோதிக்கப் பக்கத்திலேயே நின்றார். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கூட அவர் தம்பி. பெரியவர் கண் சிவந்திருந்தது.

"கோடிச் சேலை ஒண்ணு குடும்" என்றார். மருமகன் செத்துப்போனாராம். மகளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும்.

இழவுக்குத் துணி எடுக்க வருகிறவரை எந்தக் கடையிலும் வாங்க என்று சொல்வதில்லை. விலை பேசுவதில்லை. கொடுத்துவிட்டுக் குனிந்துகொள்வோம். நான் சின்ன முதலாளியைப் பார்த்தேன்.

"இழவு வீடு" என்றேன், மெதுவாக.

"துக்கத்துல இருக்கவங்களுக்குத்தான்வே சிரிப்பு ரொம்ப அவசியம். ம், சிரியும்."

சிரித்தேன். அன்றைக்குப் பார்த்து நன்றாக வந்தது. சேலையைக் கையில் கொடுத்து, "ரொம்ப சந்தோஷம், மறுபடியும் வாங்க" என்றேன்.

பெரியவர் என்னையே பார்த்தார்.

"மறுபடியும் வரணும்னா எங்க வீட்டுல இன்னும் யாருலே சாவணும்?"

தம்பிக்காரர் என் சட்டையைப் பிடித்தார். "தாலியறுத்த பிள்ளைக்குச் சேலை எடுக்க வந்தா பல்லையாலே காட்டுதே?"

சின்ன முதலாளி சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். அடி அவருக்கு விழுந்தது. பழக்கம் படிந்திருந்ததால் சிரிப்பு உடனே நிற்கவில்லை. அதற்கும் ஒன்று விழுந்தது.

பெரியவர் சேலையை வீசினார். "எங்க ஊர்க்காரன் எவனும் இனி கல்யாணத்துக்கு இங்கன முழத்துணி எடுக்க மாட்டான்."

கரிவலம் கல்யாணம் இல்லாவிட்டால் எங்கள் கடை இல்லை. முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். மகன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "இந்த ஆளு சிரிப்புல உண்மை இல்லப்பா. வேலையை விட்டு நிறுத்திருங்க" என்றார்.

முதலாளி சேலையை எடுத்து மடித்தார். என் கையில் கொடுத்தார்.

"அந்த இழவு வீட்டுக்குப் போவும். பொணம் எடுக்குற வரைக்கும் இரும். வாயைத் திறக்காதேயும். அவரு இதை வாங்கிக்கிடலைன்னா நீரும் இங்கன வர வேண்டாம்."

வாடகைச் சைக்கிளில் போனேன். பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்தது. பெரியவர் என்னெதிரே வந்து நின்றார்.

"சிரிச்சது நீருதானா? இந்த மூஞ்சியா?"

"சிரிக்கச் சொன்னாங்க அண்ணாச்சி."

"எவன் சொன்னான்?"

"படிச்சவரு."

"அடி வாங்குனானே, அவனா?"

தலையாட்டினேன். அவர் குனிந்து சேலையை வாங்கிக்கொண்டார். அதோடு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சின்ன முதலாளி வீங்கின கன்னத்தோடு எங்களைக் கூட்டினார். ஒவ்வொரு முகத்துக்கும் ஏற்ற வேலை உண்டு, அதுவும் மனோதத்துவம்தான் என்றார். கடையின் பின்மூலையில் கோடித்துணிக்கு என்று ஒரு பலகை போட்டு என்னை உட்கார வைத்தார். அங்கே சிரிக்க வேண்டியதில்லை. சரி என்றேன்.

மத்தியானம் வேஷ்டிப் பக்கத்து ஆள் வந்து பக்கத்தில் குந்தினான்.

"உமக்கென்னவே, யோகம். எனக்குத் தாடை வலிக்கி. உம்ம பக்கம் இன்னொரு ஆளு வேணுமான்னு கேட்டுப் பாரும்."