கழுத்தில்லாத கிறிஸ்துமஸ் கவுன்

சாயப்பட்டறையிலிருந்து சுடச்சுட வந்திறங்கும் சிவப்பு பனியன் துணிக்கு ஒரு வாசனை உண்டு. மூக்கில் ஏறினால் தும்மல் நிச்சயம். எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அந்த வாசனைதான், அதுவும் ஆகஸ்ட் மாதத்திலேயே வந்துவிடும், ஏனென்றால் வெளிநாட்டுப் பிள்ளைகள் டிசம்பரில் போடப்போகிற சிவப்பும் பச்சையும் திருப்பூரில் அப்போதுதான் வெட்டுப்படும். கட்டிங் மாஸ்டரான அப்பா, கம்பெனியில் கேட்டு, மேசையில் மிஞ்சிய துண்டுகளை, அதாவது "கட்டிங் வேஸ்ட்டை", சாக்கில் கட்டி வேலம்பாளையத்து லைன் வீட்டுக்குக் கொண்டுவருவார். பொடித் துண்டுகள் கிறிஸ்துமஸ் குடிலை அலங்கரிக்க. கொஞ்சம் பெரியவற்றை ஒட்டுப்போட்டால் எங்களுக்குப் புதுத்துணி.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஐந்து குடும்பங்கள் அந்தக் காம்பவுண்டில் இருந்தோம். அம்மாக்கள் எல்லாரும் டைலர்கள், ஆனால் கம்பெனியில் ஆளுக்கு ஒரே வேலை. என் அம்மா பத்து வருஷமாகக் கை மட்டும் வைத்தாள், செல்வி அக்கா தோள் மட்டும் மூட்டினாள், எஸ்தர் சித்தி கழுத்து மட்டும். ஆகவே எங்கள் கவுன் ஒவ்வொன்றும் வீடு வீடாகச் சுற்றி வந்துதான் கவுனாகும். இதில் எங்களுக்கு ஒரு விசித்திரமும் தெரியவில்லை.

எனக்குப் பத்து வயதான வருஷம், கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். அப்பாடா, எனக்கு வந்த பவுசு! அம்மாவோ மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் கை வைத்துக் கொடுத்துவிட்டு, என் கவுனைக் கடைசியில் எடுத்தாள். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கழுத்து மட்டும் பாக்கி. எஸ்தர் சித்தி ஊருக்கு ரயிலேறிவிட்டாள். கழுத்து என்ன கம்ப சூத்திரமா என்று அம்மாவே உட்கார்ந்து, வீட்டுத் தையல் மெஷினில் ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டியை, வைத்துத் தைத்தாள். இழுபடாத தையல். என் தலை பாதியில் சிக்கிக்கொண்டது, அப்பா இழுத்தார், நூல் பட்டென்று அறுந்தது. போன வருஷத்துக் கவுனைப் போடச் சொல்லலாம் என்றால், அது ஏற்கெனவே மூங்கில் குச்சிகளைச் சுற்றி வாசலில் நட்சத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட ஓலத்தில் ஓனரம்மா வந்துவிட்டார்.

காம்பவுண்டுக்குச் சொந்தக்காரர் அவர், சொந்தமாகப் பனியன் கம்பெனியும் உண்டு. எங்கள் வேஸ்ட் சாக்கைப் பார்த்தாலே முகம் சுளிப்பவர். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் கவுனை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்கா புள்ளைய அழுக உட்டீங்க? கழுத்த விட ரிப்பு கொறச்சலா இருக்கோணும், இழுத்துப் புடிச்சே ஓட்டோணும். எந்திரிங்க."

செல்வி அக்கா வீட்டு ஓவர்லாக் மெஷினில், தங்க வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, ஒரே மூச்சில் ஓட்டி முடித்தார். மாட்டுக் கொட்டகையில் இரண்டு மெஷின் போட்டுத் தொடங்கிய காலத்தில், கம்பெனியின் கழுத்தெல்லாம் தானே வைத்ததாகச் சொன்னார். போகும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க, அப்பறம் காம்பவுண்டுக்கே நாந்தேன் கழுத்து வெக்கோணும்."

சொல்லாமல் இருப்போமா? அடுத்த வருஷம் எஸ்தர் சித்தி திருப்பூரிலேயே இருந்தும், அத்தனை கவுனும் ஓனரம்மா வீட்டுக்குத்தான் போயின. அவரும் திட்டிக்கொண்டே தைத்தார்.

இப்போது அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கட்டிங் வேஸ்ட்டை எடைபோட்டு மொத்தமாகக் குடோனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் மகள் பள்ளியில் "குப்பையில்லாக் கிறிஸ்துமஸ்" என்று படம் வரையச் சொன்னார்களாம், சிரிப்பு வந்தது. தெரிந்த கம்பெனியில் கெஞ்சி வாங்கிய துண்டுகளில் அவளுக்கு நானேதான் கவுன் தைக்கிறேன். தோள், கை, கழுத்து எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடுகிறது, யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.