மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை

கொளஞ்சியின் வயிற்றில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. தா.பழூருக்குத் தெற்கே இருந்த அவள் ஊரில் ஆபரேஷன் என்றால் தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் தையல் இருந்தாக வேண்டும். திருச்சியில் கேமராவை உள்ளே விட்டுக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்றதை, பார்க்க வந்த பெண்களில் பாதிப் பேர் நம்பவில்லை. கர்ப்பப்பை வாயில் புற்று இருந்ததை அவளும் புருஷன் கண்ணையனும் யாரிடமும் சொல்லவில்லை. கட்டி என்று சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் நம்பியவர்களும் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வருஷமாக நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள். கூடப் போகும் பன்னிரண்டு பெண்களுக்குக் 'கொளஞ்சி செட்டு' என்றே பெயர். நிலக்காரர்கள் அவளைத் தேடி வந்ததற்குக் கைவேகம் மட்டும் காரணம் இல்லை. காலையில் வயலில் இறங்கினால் சாப்பாட்டு நேரம் தவிர அவள் செட்டு கரை ஏறாது. சுற்றிலும் வெட்டவெளி, வரப்பில் ஆண்கள். எங்கே போய் ஒதுங்குவது? கிளம்பும்போது அரை டம்ளர் தண்ணீர், அப்புறம் பொழுது சாயும்வரை நாக்கை நனைப்பதோடு சரி. தாகம் என்று எவளாவது முனகினால், ஒரு நாள் பொழுது அடக்கத் தெரியாதவள் என்ன பொம்பளை என்று வாயை அடைத்துவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அப்படிப்பட்டவளிடம்தான் டாக்டர் பரிமளா, ஊருக்கு அனுப்பும்போது, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கவும் சொன்னார். துளைதான் சின்னது, உள்ளே நடந்தது பெரிய ஆபரேஷன். மூத்திரப்பையின் நரம்பு அசந்து கிடக்கிறது, முட்டுகிற உணர்ச்சி தெரியாது, அது விழிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும் என்று விளக்கினார். இன்னொன்றும் சொன்னார். உள்புண் ஆறும்போது உடம்பில் அழற்சி இருக்கும். ரத்தத்தைச் சோதித்தால் ஒரு எண்ணாகத் தெரியும். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் எண்பத்தாறு இருந்தது, இன்றைக்கு முப்பத்தொன்று. அது இறங்கிக்கொண்டே வர வேண்டும். காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

கொளஞ்சி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மனதில் நின்றது அந்த எண் மட்டும்தான். ஏறினால் நோய் திரும்பிவிட்டது என்று தானாகவே ஒரு அர்த்தமும் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் கக்கூஸ் கிடையாது. விடியுமுன் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை வாய்க்கால் கரைக்குப் போவதுதான் அந்தத் தெருப் பெண்களின் வழக்கம். பார்க்க வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருக்க, பட்டப்பகலில் சொம்பைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது? அதற்குத் தோதாக நாத்தனார் பாப்பாத்தி பத்தியம் பார்க்க வந்து சேர்ந்தாள். தண்ணீர் அதிகம் குடித்தால் உள்புண் சீழ் பிடிக்கும் என்பது அவள் கட்சி. பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதுபோல வயிற்றைப் பழஞ்சேலையால் இறுக்கிக் கட்டி, பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் போட்டு, சுக்கு வெந்நீரைக் கால் டம்ளர் கால் டம்ளராகக் கொடுத்தாள். கொளஞ்சிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாயிற்று. குடிக்காவிட்டால் போகவும் வேண்டாம். டாக்டர் படித்தவர்தான், வாய்க்கால் கரை அவருக்குத் தெரியுமா?

ஊருக்கு வந்த ஒன்பதாம் நாள் குளிர் எடுத்தது. அடிவயிறு கனத்தது. நோய் வந்துவிட்டது என்றே கொளஞ்சி நினைத்தாள். ஆனால் சொல்லவில்லை. ரத்தம் எடுக்காதவரை எண் முப்பத்தொன்றுதானே! கண்ணையன் கேட்டபோதெல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். செத்துப்போவோம் என்ற பயத்தைவிட, அதை யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பெரிதாக இருந்தது. குளிர் எடுத்த மூன்றாம் நாள் தற்செயலாக அவள் முதுகில் கைவைத்த கண்ணையன், முதல் பஸ்ஸில் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனான்.

எண் நூற்றுப் பன்னிரண்டு.

தண்ணீர் குடித்தாளா என்று டாக்டர் கேட்டார். நன்றாகக் குடிக்கிறாள், அக்கா கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள் என்று கண்ணையன் பதில் சொன்னான். டாக்டர் அவனை நம்பவில்லை. நர்ஸிடம் மூத்திரக்குழாய் வைக்கச் சொன்னார். குழாயில் மாட்டிய பை நிறைய, மூத்திரம் நாற்றமடித்துக்கொண்டு இறங்கியது.

"நோவு திரும்பிடுச்சுங்களா?" என்றாள் கொளஞ்சி.

"இல்லைங்க. எடுத்த சதையைச் சோதிச்சு ரிப்போர்ட் வந்துடுச்சு, ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. இது மூத்திரம் தேங்கிப் புண்ணாகி வந்த காய்ச்சல். சொன்ன மாதிரி ஏன் போகல?"

கொளஞ்சி சுவரைப் பார்த்தாள். "பகல்ல எங்கங்க போறது? வயசுக்கு வந்ததுலேருந்து பகல்ல நான் போனதே இல்லைங்க."

கண்ணையன் அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். ஆண்பிள்ளைக்கு மரம் கண்ட இடமெல்லாம் மறைவுதான். அவளுக்கு எது மறைவு என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. மூத்திரப்பை இன்னொரு முறை இப்படி விரிந்தால் முட்டுகிற உணர்ச்சி திரும்பாமலே போகலாம், ஆயுசுக்கும் குழாய்தான் என்று டாக்டர் சொன்னதைத் தலைகுனிந்தபடி கேட்டுக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்துக் குழாயை எடுத்து ஊருக்கு வந்த அன்றே கொல்லையில் குழி வெட்டி, நாலு பக்கமும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினான். பாப்பாத்தி முணுமுணுத்தாள். அவள் மறுபடி கட்டிவிட்ட வயிற்றுக்கட்டைக் கொளஞ்சி அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரைச் சொம்போடு கேட்டாள்.

கடிகாரம் சொன்னபோதெல்லாம் தட்டிக்குள் போனாள். போயிற்று; ஆனால் வேறு யாருக்கோ போவதுபோல எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் பயம் கூடியது.

மறு மாதம் திருச்சிக்குப் போனபோது எண் ஒன்பதாக இறங்கியிருந்தது. டாக்டர் சிரித்தார். உணர்ச்சி வந்ததா என்று கேட்டார். இல்லை என்றதும் சிரிப்பு நின்றது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிச் சீட்டில் ஏதோ எழுதினார். ஒன்பது என்ற சந்தோஷம் கொளஞ்சிக்குப் பஸ் நிலையம்வரைகூட நிற்கவில்லை.

அரியலூர் தாண்டியது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. முந்திரிக்காடு தொடங்கிய இடத்தில் அவள் அடிவயிற்றில் சுருக்கென்றது. வலி என்றுதான் முதலில் நினைத்தாள். மறுபடி சுருக்கென்றது. கண்ணையனின் கையை இறுகப் பிடித்தாள்.

"ஏங்க, முட்டுதுங்க."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து கண்டக்டரிடம் ஓடினான். உடையார்பாளையம் வர இன்னும் பத்து நிமிஷம்தான், அதுவரை அடக்கிக்கொள்ளட்டும் என்றார் கண்டக்டர். கொளஞ்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் எழுந்து நின்றாள்.

"அடக்க முடியாது. நிப்பாட்டுங்க."

பஸ் நின்றது. ஜன்னல்களில் தலைகள் நீண்டன. மத்தியான வெயில். முந்திரி மரத்தடியில் கண்ணையன் துண்டை இரண்டு கையாலும் விரித்து, அவளுக்கு முதுகு காட்டிப் பஸ்ஸைப் பார்த்து நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார்.

"அடிக்கட்டும்," என்றான் கண்ணையன். "நீ மெதுவா வா."

கொளஞ்சி மெதுவாகத்தான் வந்தாள்.