ஐம்பத்தெட்டு வயதில் பேச்சிலர் பார்ட்டி

போன மாதம் ஒரு பேச்சிலர் பார்ட்டிக்கு ஏற்பாடு செய்தேன். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பத்தெட்டு.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மலையாள தேசத்துக் கரமனையில் எங்கள் தமிழ்த் தெருவே சிரித்தது. நீங்கள் மட்டும் ஏன் பாக்கி?

மாப்பிள்ளை என் பள்ளிக்கூட சிநேகிதன் ராமநாதன். எங்களுக்கு ராமு. என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறான். முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் பார்த்துவிட்டு ரெண்டு வருஷம் முன்னால் ரிடையர் ஆனவன். மனைவி மீனா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசி ஒன்றரை வருஷம் அவள் படுக்கையில்தான். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தலை வாரிவிடுவது... எல்லாம் இவனேதான் செய்தான். ஒரே பையன் கார்த்திக், பெங்களூரில் ஐ.டி. வேலை.

ராமு குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் யாராவது இவன் காலை மிதித்தால் 'ஸாரி' சொல்வது இவன்தான்.

போன வருஷம் அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. ஃபிஸியோதெரபிக்குப் போனான். அங்கே மேலே ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு. ஒரு கையால் இழுத்தால் வலிக்கிற கை மேலே போகும். பக்கத்துக் கயிற்றில் ஷைலஜா டீச்சர். ஹைஸ்கூலில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். வயது ஐம்பத்து நாலு. கணவர் இறந்து ஆறு வருஷம்.

இவனுக்கு வலது தோள், டீச்சருக்கு இடது. மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் நின்று கயிறு இழுத்தார்கள். தோள் சரியாகிவிட்டது. அதற்கப்புறமும் ரெண்டு பேரும் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் ஃபிஸியோதெரபிஸ்ட் பெண்ணே, "சாரே, டீச்சரே, இனி இங்கே வரண்டா, போதும். எங்கேயாவது போய் காப்பி குடிங்கோ" என்று அனுப்பிவைத்தாளாம்.

ராமு இதை முதலில் சொன்னது என்னிடம்தான். கரமனை ஆற்றுப் படியில் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "வைத்தி, நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற இந்த ஆசாமி?

"ரொம்ப சந்தோஷம்டா. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல சத்தமில்லாம முடிச்சுடு."

அவன் தலையாட்டினான். "கார்த்திக்கும் அதான் சொன்னான்" என்றான். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். சாந்தி என் மனைவி. இந்தப் பத்தியில் வரும் நல்ல யோசனைகளின் உண்மையான சொந்தக்காரி. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"நம்ம கல்யாணத்துல நாதஸ்வரக்காரர்கிட்ட போய், 'இன்னும் பலமா வாசியும்'னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"பின்னே அவருக்கு மட்டும் என்ன சத்தமில்லாம? யாருக்குப் பயந்து?"

நான் சட்னியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உங்களிடம் பதில் இருக்கிறதா?

யோசித்துப் பாருங்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் புதுசாக பைக் வாங்கினால், 'இன்னும் இளமையாக இருக்கார்' என்கிறோம். மலையேறினால் கை தட்டுகிறோம். மாரத்தான் ஓடினால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். ஒரு துணை வேண்டும் என்று சொன்னால் மட்டும், 'ஷ்ஷ்... மெதுவாக!' இதென்ன நியாயம்? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. அந்தக் கோபத்தில்தான் ஜோஸுக்கு போன் போட்டேன்.

ஜோஸ், ராமுவோடு ஒரே செக்‌ஷனில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். விழிஞ்ஞத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம். கடல் இரைச்சலோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே கத்தினார்.

"பேச்சிலர் பார்ட்டி வைக்கணும் வைத்தி சாரே! இப்போ எல்லா பிள்ளைகளும் வைக்குதே, நம்ம ராமுவுக்கு என்ன குறை?"

"அவன் பேச்சிலர் இல்லையே ஜோஸ்..."

"வீட்டுல தனியா சமைச்சு, தனியா சாப்பிட்டு, தனியா பாத்திரம் கழுவுறவன் பேச்சிலராக்கும்."

அப்போதே கமிட்டி அமைந்தது. நான், ஜோஸ், சமையலறையிலிருந்து உத்தரவு போட சாந்தி.

முதல் பிரச்சினை, நேரம். ராமு ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று. உலகத்திலேயே டிஃபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நடந்த பேச்சிலர் பார்ட்டி இதுவாகத்தான் இருக்கும். ரெண்டாவது பிரச்சினை, குப்பி, அதாவது சரக்கு. ஜோஸுக்கு அது இல்லாமல் பார்ட்டியே இல்லை. ராமு தன் மாத்திரைப் பட்டியலை எடுத்து வாசித்தான். சர்க்கரைக்கு ரெண்டு, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று.

ஜோஸ் நொந்துபோய்க் கேட்டார். "இது பார்ட்டியா, மெடிக்கல் கேம்ப்பா?"

மூன்றாவது பிரச்சினை இடம். அதில்தான் வினை வந்தது.

எங்கள் தெருவுக்கென்று சின்னதாக ஒரு ஹால் உண்டு. சீமந்தம், பூணூல், நவராத்திரிக் கச்சேரி, எல்லாம் அங்கேதான். விண்ணப்பத்தில் 'நிகழ்ச்சி' என்ற இடத்தில் 'பேச்சிலர் பார்ட்டி' என்று எழுதி, 'மது கிடையாது' என்று அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன். செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"யாருக்கு ஓய்?"

சொன்னேன்.

"ராமநாதனா! இந்த வயசுல இதெல்லாம் வேணுமா? ரெண்டு வருஷம் பொறுத்தா அறுபதாம் கல்யாணம்னே ஹாலைக் குடுத்திருப்பேனே."

"அறுபதாம் கல்யாணத்துக்குப் பொண்டாட்டி வேணுமே சார். அதுக்குத்தானே இந்தக் கல்யாணம்?"

அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "நாலு பேர் வந்து போற இடம். இந்த மாதிரி விஷயத்துக்குக் குடுக்க முடியாது. தப்பா எடுத்துக்காதேள்."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜோஸிடம் சொன்னதும், "விடு சாரே, என் வீட்டு மொட்டை மாடி இருக்கு" என்றார். அங்கே நின்றால் ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள், மறுபக்கம் புதுத் துறைமுகத்தின் ராட்சசக் கிரேன்கள். நல்ல காற்று. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிரமாதம் என்று நினைத்து ரெண்டு பேருமாக ராமுவின் வீட்டுக்குப் போனோம்.

டீச்சர் அங்கே இருந்தார். சாப்பாட்டு மேஜையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நாங்கள் ஹால் கிடைக்காத கதையையும் விழிஞ்ஞம் யோசனையையும் சொல்லி முடிக்கும்வரை சிவப்புப் பேனா நிற்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து கேட்டார். மலையாளத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்:

"அங்கே போறது கடலைப் பார்க்கவா, இல்லே இந்தத் தெரு நம்மைப் பார்க்காம இருக்கவா?"

ஜோஸ் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ராமு எழுந்து நின்றான். "வேண்டாம் வைத்தி. இங்கேயே வைப்போம். என் வீட்டு வாசல்ல."

"தெருவுல என்ன சொல்லுவாளோ..." என்று இழுத்தேன். பழக்க தோஷம்!

"என்ன சொல்லுவான்னு பார்த்துப் பார்த்தே இத்தனை வருஷம் போயாச்சு. மீனா படுத்திருந்தப்போ இந்தத் தெருவுல எத்தனை பேர் உள்ள வந்து அவ பக்கத்துல உட்கார்ந்தா, எண்ணிச் சொல்லட்டுமா? ஒரு கை விரல் போறும்."

அவன் குரல் உயர்ந்திருந்தது. முதல் தடவையாகக் கேட்கிறேன். டீச்சர் அடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் முகம் மலர்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் என்ன? வாசலில் பந்தல் போட்டோம். பத்து நாற்காலி. ஆபீஸ் சிநேகிதர்கள், பள்ளிக்கூட சிநேகிதர்கள் என்று எட்டு பேர். சாந்தி சேவையும் ரசவடையும் செய்தாள். பாயசத்தில் ஊறவைத்துத் தின்ன போளி வந்தது. 'பேர் சொல்லி அழைக்கவில்லை, வந்தால் துரத்தமாட்டோம்' என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு வரி போட்டேன். யாரும் பதில் போடவில்லை.

பத்து மணிக்கு ஜோஸ் வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் ஒரு வேன். அதிலிருந்து அவர் ஊர் இளைஞர் கிளப்பின் சிங்காரி மேளக் குழு இறங்கியது. பன்னிரண்டு செண்டை, நாலு ஜோடி தாளம்!

"ஜோஸ், இது கொஞ்சம் ஓவர் இல்லையா?"

"சாரே, குப்பிதான் கூடாதுன்னு சொன்னே. செண்டை கூடாதுன்னு யாரும் சொல்லல்லே."

அடித்தார்கள் பாருங்கள்! ஓடு அதிர்ந்தது. காக்கை ஒன்று மிச்சமில்லாமல் பறந்தது. எதிர் வீட்டு ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது. ராமுவை நடுவில் நாற்காலியில் உட்கார்த்தி, தலையில் ஜரிகைத் தலைப்பாகை கட்டிவிட்டோம். அவன் முதலில் நெளிந்தான். பிறகு கால் தாளம் போட்டது. பிறகு எழுந்தே விட்டான். என் ஐம்பது வருஷ சிநேகிதன் ஆடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆட்டம் என்று சொன்னால் டான்ஸ் ஆடுகிறவர்கள் என்மேல் கேஸ் போடுவார்கள். ஆனால் ரெண்டு தோளும் நன்றாக மேலே போயின.

நடுவில் போன் அடித்தது. கார்த்திக். தெருவில் யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார்! மேளத்தை நிறுத்தச் சொன்னோம். காது அடைத்துப்போயிருந்ததால் ராமு ஸ்பீக்கரைப் போட்டான். எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, என்னப்பா இது? வாசல்ல மேளம், கூத்து... சிம்பிளா பண்ணுங்கோன்னுதானே சொன்னேன்?"

"திருடப் போகலைடா கார்த்திக். கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து ரொம்பச் சின்னக் குரலில், "அப்போ அம்மா போட்டோ...?" என்றான்.

அவ்வளவுதான். இத்தனை நாளும் அவனுக்குள் இருந்தது இந்த ஒரு கேள்விதான் போலிருக்கிறது. ஊர் சிரிக்கும், ஆபீஸில் கேலி செய்வார்கள் என்று முன்பு அப்பாவிடம் சொன்னதெல்லாம் சும்மா.

ராமு தலைப்பாகையைக் கழற்றினான். "அம்மா போட்டோ இருக்கிற இடத்துலதான் இருக்கும். எங்கேயும் போகாது. டீச்சரோட கணவர் போட்டோவும் வர்றது. பக்கத்துல ஆணி அடிச்சாச்சு. டீச்சர்தான் அடிச்சா. நான் அடிச்சா கோணலாப் போயிடும்னு."

கார்த்திக் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்? நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஜோஸ் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அடிங்கடா!" என்றார்.

பதினோரு மணிக்கு, சத்தம் கேட்டு வந்த தெருக் குழந்தைகளால் பந்தல் நிறைந்துவிட்டது. அவர்களைக் கூப்பிட வந்த அம்மாக்களுக்கு போளி கொடுத்தோம். அம்மாக்களைத் தேடி வந்த அப்பாக்களுக்கும். வராதவர்கள் வரவில்லைதான். செக்ரட்டரி வரவில்லை. அவர் மனைவி வந்தார். ரெண்டு போளி சாப்பிட்டுவிட்டு, ஒன்றைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனார். யாருக்கென்று கேட்கிற அளவுக்கு நான் மோசமானவன் இல்லை.

வியாழக்கிழமை ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. நானும் ஜோஸும் சாந்தியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். கார்த்திக் வரவில்லை. ராமு ரெண்டு தடவை வாசலைப் பார்த்தான். மூன்றாவது தடவை பார்க்கவில்லை.

சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு கூரியர் வந்தது. உள்ளே ரெண்டு தேக்கு ஃபிரேம். ஒரே அளவு, ஒரே மாதிரி. கூட ஒரு துண்டுச் சீட்டு: 'அம்மா ஃபிரேம் பழசாயிடுத்து. ரெண்டையும் மாத்திடுங்கோ. லீவு கிடைச்சா வரேன்.' ராமு அதைப் படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டான். டீச்சர்தான் சுத்தியலைத் தேடினார்.

நேற்று ராமு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். டீச்சரோடு முதல் சண்டையாம். எதற்கு? ஃபேனை இவன் ரெண்டில் வைத்தால், அவர் வந்து ஐந்தில் வைக்கிறாராம். சொன்னால், 'எனக்கு வியர்க்கிறது' என்கிறாராம். இனி பேசவே போவதில்லை என்று சொல்லி, சாந்தி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டான். டீச்சர் தேடுவாராம்!

கல்யாணத்தில் சீனியர் சிட்டிசன் சலுகையெல்லாம் கிடையாது சார்.