செருப்பு கழன்றவர் வீடு

வேதத்தைத் தலைகீழாக ஒப்பிக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் பெரியப்பா அப்படி ஒப்பிக்கிறவர். ஏரலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வேதக்கோயிலில் அவர்தான் சபை மூப்பர். விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஆதரியும் ஆண்டவரே என்று ஜெபத்தில் அவர் குரல் தழுதழுக்கும்போது பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்த விதவைகளில் ஒருத்தியான என் அம்மா மட்டும், கைக்குழந்தையான தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருப்பாள்.

அப்பா பேதியில் போய்ச் சேர்ந்திருந்தார். பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்ததும் அப்பா பங்கு நெல்லையும் பெரியப்பா தன் வீட்டுக்கே ஏற்றிக்கொண்டு போனார். வயல் குடும்பத்து வயல், வந்தவளுக்கு அதில் என்ன பாத்தியதை என்றார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகட்டும் என்றார். அம்மாவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. இருந்த ஒரே அண்ணனும் கொழும்புக்குப் போய்த் திரும்பவில்லை. இதெல்லாம் பெரியப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

அந்த வாரம் ஞாயிறு பள்ளியில் வாத்தியார் வேதத்தில் வருகிற, மோவாப் நாட்டு விதவை மருமகளின் கதையைச் சொன்னார். செத்தவனுடைய நிலத்தை மீட்டு அவன் குடும்பத்தைத் தாங்குவது நெருங்கிய சொந்தக்காரன் கடமையாம். ஒருவன் மாட்டேன் என்றானாம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவன் செருப்பு கழன்றதாம், நிலத்தின் மேலிருந்த உரிமையும் அதோடு போயிற்றாம். எனக்கு எட்டு வயது. செருப்பைக் கழற்றிவிட்டால் வயல் வந்துவிடும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆராதனை நேரத்தில் ஆண்களின் செருப்பெல்லாம் கோயில் வாசலில்தான் கிடக்கும். பெரியப்பாவின் செருப்பு பாளையங்கோட்டையில் தைத்தது. அவர் வருவதைத் தெருக்கோடியிலேயே கிறீச்சிட்டுச் சொல்லிவிடும். அதில் ஒன்றைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். பங்குனி வெயிலில் மூப்பர் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்தார். வேடிக்கை பார்க்கப் பின்னால் பாதி ஊர் வந்தது.

"ஏட்டி, எதுக்குட்டி எடுத்த?"

வாத்தியார் சொன்னதைச் சொல்லி, எங்கள் வயலைக் கொடுங்கள் என்று கேட்டேன். அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றது. சிரித்தார். வந்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளா வே? செருப்பு கழந்தா பொறுப்பு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். பிள்ளையே என்னை விடுவிச்சிட்டு."

பொறுப்பை விட்டவன் நிலத்தையும் விட்டாக வேண்டும் என்கிற பாதியை மட்டும் விழுங்கிவிட்டார். வேதம் படித்த வாய்! கூடியிருந்த பெரிய மனுஷர்களில் ஒருவராவது கேட்க வேண்டுமே. எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். தம்பியை என் இடுப்பில் வைத்தாள்.

"அத்தான், மிச்சத்தையும் சொல்லுங்க. செத்த தம்பி குடும்பத்தைத் தாங்க மாட்டேன்னவன் மூஞ்சியில அந்த விதவை துப்பணும்னு வேதத்துல இருக்கு. செருப்பு கழந்தவன் வீடுன்னு அவன் வீட்டுக்குப் பேரு வைக்கணும்னும் இருக்கு."

சொல்லிவிட்டுத் துப்பினாள். அவர் முகத்தில்தான்.

அன்று சாயங்காலமே வண்டியேறினோம். பாளையங்கோட்டையில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் அம்மா சோறு பொங்கிப் போட்டாள். பெரிய பானைக் கஞ்சி வடித்து அவள் கை வெந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாம்தான் ஜெயித்தோம் என்று இருந்தேன். பெரியப்பா வீட்டுக்கு இதற்குள் பேர் வைத்திருப்பார்களே என்று மனசுக்குள் ஒரே குதியாட்டம்.

மறுவருஷம் கோயிலில் ஊருக்கே சோறு போடுகிற அசனத்துக்கு, அப்பா கல்லறையையும் பார்த்த மாதிரி இருக்கட்டுமென்று, ஊருக்குப் போனோம். எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா முன்னால் நின்று விதவைகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய புதுச் செருப்பு கிடந்தது. யார் பிள்ளை இது என்று ஒருத்தி என்னைக் காட்டிக் கேட்டாள்.

"தெரியலையா? துப்பினவ மவ," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

எங்களுக்கு இல்லை, அவர் வீட்டுக்குத்தான் பேர் என்று திருத்த வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, இலையைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னாள். பாவம், இந்த ஊரில் ஒருவருக்கும் வேதம் சரியாகத் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.