உள்ளங்கைச் சோதனை

அப்பா கண்ணாடிக் கடையில் வெட்டும் வேலை செய்தார். அங்கேயே இறந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியில் என்று சான்றிதழில் இருக்கிறது. கடைத் தரையிலேயே முடிந்துவிட்டது என்று உடன் இருந்தவர்கள் சொல்கிறார்கள். விபத்து என்று எழுதியிருந்த காகிதங்களில் நானும் கையெழுத்துப் போட்டேன். விபத்துதான். ஆனால் அது எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் அந்தக் காலையைச் சொல்ல மாட்டேன். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையைச் சொல்வேன்.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கு மனச்சிதைவு வந்தது. ஒரே ஒரு குரல். சளி கட்டிய ஆண் குரல், எப்போதும் வலது காதுப் பக்கத்திலிருந்து. அவர் செய்வதையெல்லாம் அது சொல்லிக் காட்டும், திட்டும். கொஞ்ச காலம் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். பிறகு மாத்திரை பிடித்தது. குரல் சின்னதாயிற்று, போகவில்லை. அப்பா கடைக்குத் திரும்பினார்.

கடையில் விளிம்பு தேய்க்கும் இயந்திரம் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. குரல் மட்டும் அதே அளவில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திப் பார்த்தார். தெருச்சத்தம் குறைந்தது. முதலாளியின் பேச்சு குறைந்தது. அது குறையவில்லை. அன்றிலிருந்து அதுதான் அவருடைய சோதனை. யாரோ ஏதோ சொன்னது போலிருந்தால் கை காதுக்குப் போகும். குறைந்தால் ஆள். குறையாவிட்டால் அது.

இந்தப் பழக்கத்தோடு அவர் இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அம்மா சண்டை பிடிக்கும்போதும் கை காதுக்குப் போகும். "சந்தேகமே வேணாம், திட்டறது நான்தான்" என்பாள் அம்மா. அப்பா சிரித்துவிடுவார். சண்டை அதோடு தீரும்.

நான் ஒரு பம்ப் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கிறேன். ஒரு மானி தப்பாகக் காட்டுகிறதா என்று பார்க்க முதலில் அதற்கு வரும் அழுத்தத்தைத் துண்டிக்க வேண்டும். அப்போதும் முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால் கோளாறு மானிக்குள்ளே இருக்கிறது. இதை எனக்குப் பாடமாக நடத்திய அன்று வகுப்பில் நான் மட்டும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. வீட்டிலேயே பார்த்து வளர்ந்தது அது.

மருத்துவமனையின் பின்கூடத்தில் மாதம் ஒருமுறை, நோயிலிருந்து மீண்டவர்கள் கூடிப் பேசுவார்கள். அப்பா தவறாமல் போவார். அங்கேதான் ஆய்வு நடத்தும் பேராசிரியை அவரைப் பார்த்தார். அப்பா அவரை மேடம் என்பார், நானும் அப்படியே எழுதுகிறேன்.

மனச்சிதைவிலிருந்து மீண்டவர்கள் மீட்சி என்று எதைச் சொல்கிறார்கள் என்பதுதான் மேடமின் கேள்வி. மதிப்பெண் போடுவது கிடையாது. எதிரே உட்கார்ந்து நெடுநேரம் பேச வேண்டும். பேச்சைப் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து, திரும்பத் திரும்பப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். டாக்டர் கேட்டால் ஆட்கள் டாக்டருக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறார்கள். அதனால் மீண்டவர்களில் ஒருவரே பேட்டி எடுக்கட்டும் என்று நினைத்தார். நல்ல யோசனை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

வாரத்தில் பாதி நாள் கடை, பாதி நாள் ஆய்வு என்று ஏற்பாடு. அப்பா வீட்டில் சொன்னபோது நானும் இருந்தேன்.

"பேசறதுக்குச் சம்பளமா?" என்றாள் அம்மா. "என்னைக் கூப்பிட்டிருந்தா நான் ஓவர்டைம் பார்த்திருப்பேனே."

"பேசறதுக்கு இல்லடி. கேக்கறதுக்கு."

அம்மா துணி மடிப்பதை நிறுத்தினாள். "கேக்கறதுக்கா" என்றாள். மீண்டும் மடிக்கத் தொடங்கினாள்.

முதல் மாதங்களில் அப்பா அத்தனை உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று வாய் திறக்க மாட்டார், அது ரகசியம். ஆனால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். ஒரு பஸ் கண்டக்டரைப் பேட்டி எடுத்துவிட்டு வந்த அன்று சாப்பிடும்போது தானாகவே சிரித்தார். "அவர் ஆரம்பிக்கறதை நான் முடிக்கறேன், நான் ஆரம்பிக்கறதை அவர் முடிக்கறாரு. இத்தனை வருஷம் எங்கய்யா இருந்தீங்கன்னு கேட்டுட்டேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம் என்கிட்ட ஒருநாளாவது அப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றாள் அம்மா.

ஆய்வுக்குச் சில விதிகள் இருந்தன. பேட்டி எடுத்தவரே அதைத் தட்டச்சு செய்ய வேண்டும், பேசியவரின் தயக்கமும் மூச்சும் எதிரே இருந்தவருக்குத்தான் புரியும். காதில் விழுந்த எல்லாவற்றையும் எழுத வேண்டும், இருமலைக்கூட விடக்கூடாது. வெளியில் யாருக்கும் கேட்காதபடி ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. எங்கள் தொழிலிலும் இப்படி நடக்கும். பாகம் பாகமாகச் சோதித்தால் எல்லாம் தேறும், சேர்த்துப் பூட்டினால் கசியும்.

ஒரு மாலை அப்பாவை அழைத்துவர அவருடைய ஆபீசுக்குப் போனேன். முன்பு சாமான் அறையாக இருந்த இடம். ஜன்னல் கிடையாது. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் கம்பளம் அடித்திருந்தார்கள். விசிறியைக்கூட நிறுத்திவைத்திருந்தார். ஹெட்போனோடு கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பதிவை ஓட்டினார், நிறுத்தினார், பின்னால் தள்ளினார், மறுபடி ஓட்டினார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி ஹெட்போனின் மேல் வைத்து அழுத்தினார். எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒரு எடத்துல ஏதோ முணுமுணுக்கறாரு. கையை வெச்சாலும் குறையல."

"ஹெட்போன்மேல வெச்சா எப்படிப்பா குறையும்? காதுதான் ஏற்கெனவே மூடியிருக்கே. கழட்டிப் பாருங்க."

"பார்த்துட்டேன். கழட்டினா நின்னுடுது. மாட்டினா வருது. பதிவை நிறுத்தினாக்கூட நின்னுடுது." அவர் நிம்மதியாகத்தான் சொன்னார். "அப்ப அதுல இருக்கறதுதானே?"

அவர் கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அழுத்தத்தைத் துண்டித்தால் முள் பூஜ்யத்துக்கு வருகிறது. மானி சரி. அவர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு வரியைத் தட்டினார். அன்று வழியெல்லாம் அவர் யாரோ பேசுவதற்கு இடம் கொடுப்பவர் போல அடிக்கடி தலையை லேசாகச் சாய்த்தார்.

சில வாரம் கழித்து மேடம் என்னையும் அம்மாவையும் வரச் சொன்னார். தட்டச்சு செய்த பக்கங்களைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதவியாளர் இருந்தார். பக்கங்களில் இருந்த சில வரிகள் பதிவில் இல்லை என்று அவர்தான் கண்டுபிடித்தார். கண்டக்டரிடம் அனுமதி வாங்கி அந்தப் பகுதியை மட்டும் ஸ்பீக்கரில் போட்டார்கள். கண்டக்டரின் குரல் நிதானமாக வந்தது. "டிக்கெட் குடுக்கும்போதுகூடக் கேக்கும் சார். இப்பப் பழகிடுச்சு." பிறகு அப்பா "ம்" என்றார். பிறகு அடுத்த கேள்வி.

மேடம் தாளை எங்கள் பக்கம் திருப்பினார். கண்டக்டர் சொன்னதாகவே, அதே பத்தியில், அப்பா இப்படித் தட்டியிருந்தார்: "இப்பப் பழகிடுச்சு. பழகலை. பொய் சொல்றேன். கண்ணாடிக்காரா, உனக்கும் பழகலை."

அப்பா மறுபடி போடச் சொன்னார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். கையை எடுத்தார்.

"இல்ல" என்றார். "அதுல இல்ல."

"பரவாயில்ல சார். களைப்புல இப்படி ஆகலாம்."

"அது இல்ல மேடம். பழைய ஆளை எனக்குத் தெரியும். சளி கட்டின குரல், வலது பக்கம். அவன் வந்தா அடையாளம் சொல்லிடுவேன். இது அவன் இல்ல. கண்டக்டரேதான். அவர் நாக்கைத் தட்டறது, மூச்சு இழுக்கறது, எல்லாம் அப்படியே." தாளை மேடம் பக்கம் தள்ளினார். "இப்ப மத்தவங்க குரல்லயும் வருது. நான் பேட்டி எடுத்த எல்லார் குரல்லயும்."

அத்தனை வருடம் அதற்கு ஒரே தொண்டைதான் இருந்தது. ஒரு வாக்கியத்தைப் பிடிக்க அப்பா அதைப் பத்து முறை கேட்டிருப்பார். அவர் கேட்கக் கேட்க அது கற்றுக்கொண்டது. இதை டாக்டர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். எனக்கு இப்படித்தான் சொல்ல வருகிறது.

மேடம் நல்லவர். அப்போதே அந்த வேலையை நிறுத்தினார், மன்னிப்புக் கேட்டார், டாக்டரிடம் தானே பேசினார். நாங்கள் கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "நீங்க சம்மதிச்சா இதையும் ஆய்வுல சேர்க்கலாம். இதுவும் மீட்சியோட ஒரு பகுதிதான்" என்றார்.

"சேர்த்துக்குங்க" என்றாள் அம்மா. "இனிமே நான் கூப்பிட்டா நான்தான் கூப்பிடறேன்னு இவர் எப்படி நம்பணும்னு கண்டுபிடிச்சீங்கன்னா அதையும் சேர்த்துக்குங்க."

மாத்திரையைக் கூட்டினார்கள். சில மாதங்களில் குரல்கள் அடங்கின. "ஏதாவது கேக்குதா?" என்று டாக்டர் கேட்பார். "அனேகமா இல்ல சார்" என்பார் அப்பா. டாக்டருக்குத் திருப்தி. ஆனால் அப்பாவின் கை காதுக்குப் போகவில்லை. அதை நான் கவனித்துக் கேட்டேன்.

"அது இனிமே ஆகாது கண்ணு. கையை வெச்சா இப்பக் குறையுது."

"குறைஞ்சா நல்லதுதானே?"

"எதிர்ல ஆளே இல்லாதப்பவும் குறையுது. எப்ப அடங்கணும்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அதனால் அவர் வாயைப் பார்க்கத் தொடங்கினார். குரல் கேட்டால் வாய் எங்கே என்று தேடுவார். உதடு அசைந்தால் ஆள். அசையாவிட்டால் அது. போனை எடுப்பதை விட்டுவிட்டார், போனுக்கு வாய் கிடையாது. அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் எழுந்து வந்து வாசற்படியில் நின்று அவள் முகத்தைப் பார்த்து, "இப்பச் சொல்லு" என்பார்.

"என்ன பாக்கறீங்க, பல்லு எண்றீங்களா?" என்று அம்மா முதலில் கேலி செய்தாள். போகப்போக, எதுவானாலும் அவர் எதிரே போய் நின்ற பிறகே பேச ஆரம்பித்தாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அவள் பேசாமல் காத்திருப்பதை ஒருநாள் பார்த்தேன். கதவு திறந்த பிறகுதான் சொன்னாள், தண்ணீர் வண்டி வந்துவிட்டது என்று. அதற்குள் வண்டி போயிருந்தது.

தெருவில் ஒருமுறை அப்பாவைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். நடை நின்றது. நிதானமாகத் திரும்பி என் உதட்டைப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டேன்.

"நீதானா" என்றார்.

"நான்தான்ப்பா."

"கொஞ்சம் லேட்டாகுது, அவ்வளவுதான். யாருக்கு என்ன அவசரம்?"

கடையில் அவரை முழு நேரத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். மேசையில் வெட்டும் வேலைக்குக் காது தேவையில்லை, அவர் சுகமாக இருந்தார். தூக்குவதற்கு ஆள் போதாதபோது மட்டும் அவரும் கை கொடுப்பார்.

பெரிய கண்ணாடித் தகட்டை இரண்டு பேர் நிமிர்த்திப் பிடித்து நடப்பார்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். போகும்போது விரிசல் ஓடுவதை முதலில் பார்ப்பவர் "விடு" என்று கத்த வேண்டும். கேட்டதும் இரண்டு பேரும் கையை விட்டு விலகிவிட வேண்டும். தகடு போனால் போகட்டும். உடைகிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் மேல்பாதி ஆளின் மேல்தான் இறங்கும். கண்ணாடிக் கடைகளில் இதைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் எதையும் தொட விடுவார்கள்.

அன்று அப்பா முன்னால் போனார். பின்னால் பிடித்தவர் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த தொழிலாளி. அப்பாவை மாமா என்பார். அவரோடு சேர்ந்து தூக்காத வருடம் கிடையாது.

மருத்துவமனை நடைபாதையில் நெட்டையண்ணன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை கட்டு. பக்கத்தில் நாங்கள் போய் நின்றதுகூடத் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பழக்கத்தில் அவர் எதிரே போய் நின்றாள். என்ன நடந்தது என்று நான்தான் கேட்டேன்.

"கத்தினேன்மா" என்றார். "கீழ் முனையில கீறல் ஓடறதைப் பார்த்ததும் கத்திட்டேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மாமா காதுல விழாம இருக்காது."

"அப்பா விடலையா?"

"விட்டாரு." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தார். "உடனே விடல. எப்பவும் நான் வாயை மூடறதுக்குள்ள விட்டுடுவாரு. இன்னிக்கு நின்னுட்டாரு. ரெண்டு கையிலயும் தகடு. அதோடயே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாரு. என் வாயைப் பார்த்தாரும்மா. நான் மறுபடி கத்தினேன், அப்புறம்தான் விட்டாரு. அதுக்குள்ள இறங்கிடுச்சு."

அம்மா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா என் வாயைப் பார்த்தாரு?"

"கத்தினது நீங்கதானான்னு பார்த்திருக்காரு" என்றேன்.

நெட்டையண்ணன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க வேற யாரும்மா இருந்தாங்க?" என்றார்.