தகர வேலி பறந்த கதை

காணியைப் பொறுப்பெடுத்த முதல் நாளே வேலி அடைக்கத் தொடங்கினேன். சிட்னியிலிருந்து மேற்கே காரில் ஐந்து மணி நேரம் போனால் வரும் சமவெளி அது. மரம் இல்லை, வீடு இல்லை. குடியிருக்க ஒரு பழைய கொண்டெய்னர். அயல் என்றால் கோதுமை போடும் கிரெக் ஒருவர்தான், அவரும் நாலு கிலோமீற்றர் தள்ளி.

"ஆர் இஞ்ச எட்டிப் பாக்கப் போகினம்? கங்காருவோ?" என்று என் கணவர் சிவநேசன் சிரித்தார்.

சிரிக்கட்டும். யாழ்ப்பாணத்தவள் காணி வாங்கினால் முதலில் வேலி, பிறகுதான் மற்றதெல்லாம்.

சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு பாக்டரியில் பத்தொன்பது வருடம் பெட்டி கட்டிவிட்டு, இனிப் போதும் என்று வந்தவள் நான். அதே பாக்டரியில் இருந்த அவர் வேலையை விடவில்லை. சனி, ஞாயிறுகளில் மட்டும் வருவார். "ஒரு போகம் பாப்பம். சரிவரேல்லையெண்டா காணியை வித்துப்போட்டு நீர் என்னோட வந்திடவேணும்" என்றார். நானும் ஓம் என்றேன்.

காற்று மேற்கிலிருந்துதான் வரும். அந்தப் பக்கம் முழுவதும் பழைய கூரைத் தகரத்தை ஆளுயரத்துக்கு நீக்கல் விடாமல் அறைந்தேன். ட்ரேயில் வளர்த்த எண்ணூறு மிளகாய்க் கன்றுகளை ஒக்டோபர் கடைசியில் நட்டேன். இனிக் காற்று என்ன செய்யும் என்று எனக்குப் பெரிய நினைப்பு.

நட்ட இரண்டாம் கிழமை, ஒரு பின்னேரம் பெருங்காற்று அடித்தது. வேலியோடு ஒட்டி நின்ற கன்றுகளுக்கு ஒன்றும் இல்லை. பத்தடி தள்ளி நின்றவை முறிந்து மண்ணோடு படுத்துவிட்டன. நாலு தகரம் பறந்தே போனது. எண்ணிப் பார்த்தேன், முந்நூறு கன்றுதான் மிச்சம். கொண்டெய்னர் வாசலில் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் கிரெக் தன் யூட் வண்டியில் ஒரு தகரத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய கோதுமைக்குள் கிடந்ததாம். அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் தமிழில் இவ்வளவுதான்: "சுவர் கட்டினா காத்து ஏறிக் குதிக்கும். பாதியை உள்ள விடு, அது களைச்சுப்போகும்."

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஊரில் நாங்கள் அடைத்த தென்னோலைக் கிடுகு வேலியும் அலம்பல் வேலியும் காற்றை வடித்து விடுகிறவைதானே! சுள்ளித் தடிகளை நெருக்கி நட்டுக் கட்டும் அலம்பல் வேலியை எத்தனை தரம் அடைத்திருப்பேன். இங்கே வந்ததும் தகரம்தான் பலம் என்று யார் எனக்குச் சொன்னது?

சனிக்கிழமை சிவநேசன் வந்து பார்த்தார்.

"அப்ப... வித்துப்போடுவமோ?"

"போகம் இன்னும் முடியேல்ல. சேட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

கிரெக்கின் ஓடைக்கரையில் வெட்டிக் குவித்திருந்த வாட்டில் மரக் கிளைகளை ஏற்றிவந்தோம். மிச்சத் தகரத்தைக் கழற்றிவிட்டு, எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு நெருக்கி நட்டோம். வேலி கட்ட இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஒருவர் கம்பியைக் குத்திவிட, வெளியே நிற்பவர் இழுத்துத் திருப்பித் தரவேண்டும். அவர் வெளியே நின்றார்.

"இன்னும் கீழ விடும்!"

"விட்டாச்சு, இழுங்கோ!"

இரண்டு நாளும் இதே சத்தம்தான்.

டிசெம்பரில் முன்னதைவிட மோசமான காற்று வந்தது. வேலிக்குப் பின்னால் போய் நின்றேன். முகத்தில் பட்டது, ஆனால் தள்ளவில்லை. கன்றுகள் ஆடின. ஒன்றுகூட முறியவில்லை.

காணி வாங்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் என்ன ட்ராக்டர், என்ன உரம் என்று கேட்கிறார்கள். முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள், அதை மறிக்காமல் வடித்து விடுங்கள் என்பேன்.

பெப்ரவரியில் முதல் மிளகாயை ஆய்ந்த அன்று சிவநேசன் ஒரு பச்சையைக் கடித்துவிட்டுக் கண் கலங்க நின்றார். உறைப்பாம். பிறகு தெற்கே திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் எப்ப அடைக்கிறது?"

"தனிய ஏலாது. வெளியில நிக்க ஆள் வேணும்."

கையைக் காற்சட்டையில் துடைத்தார். "திங்கக்கிழமை பாக்டரியில சொல்லிப்போட்டு வாறன்."