முத்துவுக்கு ஒரு இனிஷியல்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் 'மச்சான்' என்று பெயர். "என்ன மச்சான், இன்னைக்கு அக்கா கையால டிபன் கேக்குதா?" என்றேன். பேசியது அவர் மனைவி கல்யாணி. "அண்ணே, அவுங்க போய்ட்டாங்கண்ணே" என்றார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். விஷயம் தெரியாமல் நான் அடித்த அந்தக் கேலியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

குடிகாடு பேக்டரி ஷிப்ட் பஸ்ஸில் எங்களோடு வந்த உங்கள் எல்லோருக்கும் தனசேகரனைத் தெரியும். லேபில் என்னோடு வேலை பார்த்தவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். சொந்தமெல்லாம் கிடையாது, அவர் என்னை மாமா என்பார், நான் அவரை மச்சான் என்பேன், அந்தக் கணக்கில் என் மனைவி சரோஜா அவருக்கு அக்கா, அவ்வளவுதான். ஆனால் அவர் வீட்டில் முத்து இருந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தால் ஓட்டுவீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்றைக்கு அதை மீறுகிறேன்.

முத்து ஓர் ஆமை. ஆப்பிரிக்க நில ஆமை. சிதம்பரத்தில் அவருடைய எதிர்வீட்டுக்காரர் எங்கோ வாங்கி வளர்த்தது. வேலை கிடைத்து வெளிநாடு போகும்போது இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது உள்ளங்கை அளவு இருந்தது. இப்போது தூக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டில் ஆமை இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று கல்யாணியின் அண்ணன் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவாராம். யாராவது 'அது' என்றால் மச்சான் 'அவன்' என்று திருத்துவார். பிள்ளை இல்லாத வீடு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரைக் கிண்டல் செய்ததில்லை.

வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. கேஸ் போட்டு உள்ளே தள்ளுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, மனுஷன் ஆடிப்போய்விட்டார். பேசாமல் ஏதாவது குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் யோசனை சொன்னேன். பெரிய யோசனை! மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவனுக்கு நீச்சல் தெரியாது மாமா. மூழ்கிடுவான்."

மறுவாரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு இருவரும் போனோம். ரேஷன் கார்டு, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் ஒரு பையில் எடுத்து வந்திருந்தார். கட்டணம் ஆயிரம் ரூபாய். அங்கிருந்த பெண் விவரங்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். விலங்குக்குப் பெயர் ஏதாவது உண்டா என்றாள். "த. முத்து" என்றார் மச்சான். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இனிஷியல் இல்லாமல் எந்த ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள், என் சர்டிபிகேட்டையே இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்களே என்று என் காதில் கிசுகிசுத்தார்.

சரிபார்க்க வந்த வன அலுவலர் முத்துவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நம்மூர்க் காட்டு ஆமையாக இருந்திருந்தால் எவ்வளவு கட்டினாலும் வைத்துக்கொள்ள முடியாது என்றார். பிறகு தாளைப் பார்த்து, த. முத்து யார், உங்கள் பையனா என்று கேட்டார். மச்சான் காபி டம்ளரோடு நின்றார். கல்யாணி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆமா சார்" என்றார் மச்சான். அலுவலர் நல்ல மனிதர். அப்படியே கையெழுத்துப் போட்டார்.

அன்று மச்சான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் வரை என்னோடு நடந்து வந்தார். "இவன் என்னைவிட ரொம்ப நாள் இருப்பான் மாமா. எனக்கப்புறம் நீ வச்சுக்கிறியா?" என்றார். ஆமையை உள்ளே விட்டால் உங்க அக்கா என்னை வெளியே விட்டுடுவா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். மறுபடி அவர் கேட்கவே இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி நான், அதைச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

காரியம் முடிந்ததும் கல்யாணி பண்ருட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. அங்கே முத்துவுக்கு இடமில்லை. பதிவு செய்தவர் இறந்தால் தகவல் கொடுத்து வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிடலாம், கூட மட்டும் வாருங்கள் என்று கல்யாணி கூப்பிட்டார். வீட்டில் சரோஜாவிடம், முத்துவை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன். அது என்ன சாப்பிடும் என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே சென்டர், அதே பெண். உரிமையாளர் என்று என் பெயரைத் தட்டிவிட்டு, "அப்ப முத்துவுக்கும் உங்க இனிஷியலே போட்டுடவா சார்?" என்றாள்.

"வேணாம்மா. வளர்க்கறவங்க மாறலாம். அப்பா பேரு மாறாது" என்றேன். கல்யாணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கடலூரில் எங்கள் கொல்லையில் இப்போது த. முத்து செம்பருத்தி இலை தின்றுகொண்டிருக்கிறான். சரோஜாகூட 'அவன்' என்றுதான் சொல்கிறாள்.

மச்சான், அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல கேட்டியே. வச்சிருக்கேன்யா.